மேகம் ஏறுமுன் நிலத்தை ஆயத்தம் செய்வோம்



“எல்லாம் மேகத்தில் இருக்கிறது, இனிப் பள்ளியில் ஆயத்தம் செய்ய என்ன இருக்கிறது?” என்று கேட்போர் நம்மிடையே பெருகி வருகின்றனர். இக்கேள்வியே பிழையானது என்பது என் கருத்து. மேகக் கணிமை இயங்கும் முறையைச் சற்று அறிந்தால் இவ்வுண்மை விளங்கும்.

ஒரு பெரிய வழங்கிக் கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றை ஹைப்பர்வைசர் எனும் மென்பொருள் பங்கிட்டுத் தருகிறது. அதனால் அந்த ஒரே கணினிக்குள் பல மெய்நிகர்க் கணினிகள் தனித்தனியே இயங்குகின்றன. இதுவே மெய்நிகராக்கம். இது புதிய கலையன்று. ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே இத்தகைய இயங்குதளம் ஒன்றை வெளியிட்டது. இதன் மேல் அமைவதுதான் தானியக்கத் தளம். பயனர் ஒரு பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் புதிய மெய்நிகர்க் கணினி உருவாகிவிடும்.

ஆனால், அந்தப் பொத்தானை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய பணிகள் பல. படியெடுப்பதற்குரிய மூல மாதிரியைப் பிழையின்றி அமைக்க வேண்டும். வட்டில் எவ்வளவு இடம் உள்ளது, நினைவகம் எத்தனை கணினிகளைத் தாங்கும் என்று கணக்கிட வேண்டும். வலையமைப்பு முகவரிகளை ஒதுக்க வேண்டும். பெயரிடும் முறை ஒன்று வேண்டும். யார் உருவாக்கலாம், யார் அழிக்கலாம், பயன்பாடு முடிந்ததை எப்போது அகற்றுவது என்பவற்றையும் முன்னரே வரையறுக்க வேண்டும்.

இவற்றைச் செய்யாமல் தளத்தை நிறுவினால் நேர்வது என்ன? மூல மாதிரியில் உள்ள ஒரு பிழை நூறு கணினிகளில் நூறு பிழைகளாகும். உரிமையாளர் யாரென்றே தெரியாத கணினிகள் குவிந்து இடத்தை அடைக்கும். தானியக்கம் ஒழுங்கை உண்டாக்குவதில்லை. இருக்கும் ஒழுங்கையோ ஒழுங்கின்மையையோ விரைவாகப் பெருக்குகிறது. அவ்வளவே.

வழங்கிக் கூடத்துப் பணி பொறியாளர்களுடையது. எனினும், அதே நெறி நம் பள்ளிகளுக்கும் பொருந்தும். நம் நாட்டு வரலாறே இதற்குச் சான்று. 2011ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்காக ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் தொடங்கப்பட்டது. அதிவேக இணையமும் மெய்நிகர்க் கற்றல் தளமும் வாக்களிக்கப்பட்டன. அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சுட்டியது. 2019இல் அமைச்சு அத்தளத்தைக் கைவிட்டு, 2020இல் டெலிமாவை அறிமுகப்படுத்தியது. அதே 2020இல் அமைச்சு மேற்கொண்ட கருத்தாய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்பது வெளிப்பட்டது. தளம் ஆயத்தமாக இருந்தது; நிலம் ஆயத்தமாக இல்லை.

வழங்கிகள்தாம் பள்ளியைவிட்டு வெளியேறின. இணைய இணைப்பும் கருவிகளும் அடையாளக் கணக்குகளும் பயன்படுத்தும் மனிதர்களும் இன்னும் பள்ளியில்தான் இருக்கின்றனர். 150 மாணவர்களுக்கும் குறைவான தமிழ்ப்பள்ளிகள் நம்மிடையே பல உள்ளன. அங்கே கணினிப் பொறுப்பும் வகுப்பறைப் பொறுப்பும் பெரும்பாலும் ஒரே ஆசிரியரின் தோளில்தான். அவருக்கு நேரமும் பயிற்சியும் ஒதுக்காமல் புதிய தளத்தை மட்டும் அளிப்பது முறையா?

எனவே, பள்ளி நிருவாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அடுத்த கருவி வாங்குமுன் மூன்று பணிகளைச் செய்யட்டும்.

முதலாவது, கணக்கெடுப்பு. எத்தனை கருவிகள் பழுதின்றி இயங்குகின்றன, ஒரு முழு வகுப்பும் ஒரே நேரத்தில் இணைந்தால் இணைப்பு தாங்குமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அடையாளக் கணக்குகளின் ஒழுங்கு. முதலாம் ஆண்டு மாணவர் கடவுச்சொல்லை மறப்பது இயல்பு. அதை உடனே மீட்டுத் தர ஒருவர் வேண்டும். மாறிச் சென்றவர், ஆறாம் ஆண்டு முடித்தவர் விவரங்களையும் ஆண்டுதோறும் சீர்செய்ய வேண்டும்.

மூன்றாவது, பொறுப்பாசிரியருக்குக் கால அட்டவணையிலேயே இதற்கென நேரம்.

இவை திறப்பு விழாவும் நிழற்படமும் காணாத பணிகள். ஆனால், இவை நடைபெறாத பள்ளியில் உள்நுழைய இயலாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, “இவனுக்குக் கணினி வராது” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு வராமல் போனது கணினியன்று. நாம் செய்திருக்க வேண்டிய ஆயத்தம்.

சிந்திப்போம், செயற்படுவோம்.