அன்சி நகரின் ஏரி

பிரான்சு நாட்டில், ஆல்ப்ஸ் மலைகளிடையே ஓர் ஏரிக்கரையில் அமைந்த எழில் நகரம் அன்சி. கோடையில் நீந்தவும் படகு செலுத்தவும் மக்கள் அங்குத் திரள்வர். குளிர்காலத்தில் அண்டை மலைகளில் பனிச்சறுக்கு விளையாட வருவர். இவ்வாறு ஆண்டு முழுவதும் விருந்தினர் வருவதால் நகரின் வருவாய் பெருகுகிறது.

ஆயின், அவ்வருவாய்க்கு ஊற்று எது? 27 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அவ்வேரியே அன்றோ! இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரையோர ஊர்களின் கழிவுநீர் கலந்து ஏரி கெடத் தொடங்கியது. சேர்வெத்தாஸ் என்னும் மருத்துவர் இக்கேட்டினை எடுத்துரைத்தார். ஓர் ஊர் தூய்மை காத்து, அடுத்த ஊர் மாசு செய்யின் பயன் யாது? இதனை உணர்ந்த கரையோர ஊர்கள் 1957-இல் ஒன்றுகூடி ஓர் அமைப்பை நிறுவின. பின்னர் ஏரியைச் சுற்றிக் குழாய்கள் பதித்து, கழிவுநீரை அதில் சேராது அகற்றின.

கண்ணுக்குத் தெரியாத குழாய்களுக்குப் பெரும்பொருள் செலவிடுவதினும் புதிய விடுதிகள் எழுப்புவதே மேல் எனச் சிலர் கருதலாம். நீர் கெட்டபின் விடுதியை நாடுவார் யார்? இன்று அவ்வேரி ஐரோப்பாவின் தூய ஏரிகளுள் ஒன்றாகத் திகழ்கிறது. நீர்நிலையைப் பேணுதலே விருந்தோம்பும் ஊரின் முதற்கடமை.