கோல்ப் மன்றத்து மரியாதை யாருக்கு?

கோல்ப் ஆட்டத்துக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. பந்திலிருந்தே தொடங்குவோம். ஸ்காட்லாந்துக்காரர்கள் முன்பு தோலுக்குள் இறகைத் திணித்துப் பந்து செய்தார்கள். 1848ஆம் ஆண்டு வாக்கில் அதைக் கைவிட்டு, இந்த மலாய் மண்ணின் காட்டு மரத்துப் பாலை உருட்டி இறுக்கிய பந்துக்கு மாறினார்கள். அந்தப் பாலுக்குக் 'கெத்தா பெர்ச்சா' என்று பெயர். நாம் ரப்பரைக் 'கித்தா' என்கிறோமே, அதே மலாய்ச் சொல்தான். பிறகு 1899இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பந்தோ ரப்பர் நூலைச் சுற்றிச் சுற்றிச் செய்தது. ஆக, பந்துக்குள் இருந்தது பால்மரத்தின் பால்.

பந்து மட்டுமா? கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ப் மன்றம் 1893லேயே தோன்றிவிட்டது. தோட்ட வட்டாரங்களிலும் துரைமார் தங்களுக்கென்று திடல்கள் அமைத்துக்கொண்டார்கள். புல் வெட்டியதும் பை சுமந்ததும் தொழிலாளர் குடும்பங்கள். பின்னர் 1980களிலும் 1990களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன் வீடுகள் இருந்த நிலத்தில் வீடமைப்புப் பகுதிகளும் கோல்ப் திடல்களும் எழுந்தன. எனவே அந்த மன்றங்களின் நடத்தை விதிகளைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். இந்த ஆட்டத்தின் ஒழுக்க முறை உயர்ந்தது. பெரும்பாலான ஆட்டங்களில் நடுவர் கூட வருவதில்லை. புதருக்குப் பின்னால் பந்து தவறுதலாக அசைந்துவிட்டால் அதை ஆடுபவர்தாம் சொல்லவேண்டும். தண்டனை அடியைத் தாமே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். 1925ஆம் ஆண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் பாபி ஜோன்ஸ் அப்படித்தான் செய்தார். பந்து அசைந்ததை வேறெவரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி ஓர் அடியை ஏற்றுக்கொண்டார். போட்டி சமநிலையில் முடிந்தது; மறு ஆட்டத்தில் அவர் தோற்றார். கிண்ணம் போயிற்று, பெயர் நின்றது. நிறுவையில் பாலின் எடையைக் குறிக்கும் நம் கிராணிமார் ஒவ்வொருவரும் இந்தக் கதையை அறிந்திருப்பது நல்லது.

மற்ற முறைகளும் குறைந்தவை அல்ல. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் வாய் திறக்கலாகாது. மட்டை பட்டுப் பெயர்ந்த புல்லை எடுத்த இடத்தில் வைத்து மிதிக்கவேண்டும். மணற்குழியில் பதிந்த காலடியை வாரியால் தடவிச் சமப்படுத்திவிட்டு வெளியேற வேண்டும். பந்து ஆளை நோக்கிப் பறந்தால் 'போர்' என்று உரக்கக் கத்தவேண்டும். காணாமற்போன பந்தை 3 நிமிடத்துக்கு மேல் தேடக்கூடாது. பின்னால் வருவோர் விரைவாக ஆடினால் அவர்களுக்கு வழிவிட வேண்டும். பின்னால் வருகிறவனை நினைத்து நடந்துகொள், நீ கலைத்ததை நீயே சரிசெய் என்பதுதான் இவற்றின் சாரம். இதைவிட நல்ல பாடம் வேறு என்ன வேண்டும்?

1744இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் எழுதப்பட்ட முதல் விதிகள் 13தான். காலப்போக்கில் அவை பெருகின. 2019இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது 34 விதிகளை 24 ஆகச் சுருக்கினார்கள். அதுவரை தனிப் பகுதியாக நின்ற நடத்தை முறையை முதல் விதிக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். நேர்மையாக ஆடு, பிறரை மதித்து நட, திடலைப் பேணு என்று அது மூன்று கடமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு மன்றமும் தனக்கென நடத்தை விதி வகுத்துக்கொள்ளலாம், மீறினால் தண்டிக்கலாம் என்றும் அது இடம் கொடுத்திருக்கிறது.

நாம் கேட்பது இதுதான்: 'பிறர்' என்ற அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடக்கம்?

பையைச் சுமக்கிறவனைக் 'கேடி' என்கிறார்கள். தமிழில் கேடி என்றால் போக்கிரி. பெயர்ப் பொருத்தம் சரியில்லை. 14 மட்டை வரை அடங்கிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு 18 குழிகளுக்கும் வெயிலில் நடப்பவன் போக்கிரியா? ஆட்ட விதியே அவனைப் பற்றி ஓர் அருமையான செய்தி சொல்கிறது. ஆட்டத்தின்போது கேடி விதி மீறினால் தண்டனை கேடிக்கு இல்லை, ஆடுபவருக்குத்தான். சுமக்கிறவன் தவறுக்குச் சுமக்கச் சொன்னவர் பொறுப்பு! நம் தோட்டங்களில் முறை தலைகீழ். மேலே ஒருவர் கணக்குத் தவறினால் மண்டோரைக் கேட்பார்கள், மண்டோர் தொழிலாளியைக் கேட்பார், கடைசியில் பால்வாளி தூக்கியவன் சம்பளத்தில் கை வைப்பார்கள். திடலில் ஒத்துக்கொண்ட நியாயத்தை வேலைத்தளத்தில் ஒத்துக்கொண்டால் நமக்கு வழக்கே இராது.

ஒழுக்கம் பேசிய மன்றங்களின் பழங்கதை நமக்குத் தெரியாததல்ல. கோலாலம்பூரின் லேக் கிளப்பில் ஒரு காலத்தில் வெள்ளையரைத் தவிர வேறெவருக்கும் இடமில்லை. சிலாங்கூர் சுல்தானையே விருந்தினராக அழைக்க அந்த விதி குறுக்கே நின்றது. 1952இல் ஹைக் கமிஷனர் டெம்ப்ளர் தலையிட்ட பிறகுதான் கதவு திறந்தது. தம் மாநிலத்தில் சுல்தானுக்கே அந்தக் கதி என்றால் சாமானியன் கதியைச் சொல்லவும் வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் இந்தியர்கள். அந்த இந்தியச் சமூகத்தில் பிறந்த பாப்வா செவ்கோலம், டர்பனில் கேடியாகப் பை சுமந்து ஆட்டத்தைக் கற்றவர். 1959இல் ஹாலந்துப் பகிரங்கப் போட்டியை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் பகிரங்கப் போட்டியிலும் வெள்ளை ஆட்டக்காரர்களை வென்றார். அன்று மழை பெய்தது. வெள்ளையர் மன்றக் கட்டடத்துக்குள் இருந்தார்கள். நிறவெறி அவருக்குக் கதவடைத்தது. வென்றவர் வெளியே மழையில் நின்று கிண்ணத்தை வாங்கினார். அந்த மன்றத்துக்காரர்களும் புல்லைச் சரிசெய்துவிட்டுத்தான் உள்ளே போயிருப்பார்கள்! மண்ணுக்கு மரியாதை தெரிந்தது, மனிதனுக்குத் தெரியவில்லை.

இந்த நோய் நிறத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் அகஸ்டா மன்றம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 2012இல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மன்றம் 2014இல்தான் மனம் மாறியது. 1744 விதிகளை எழுதிய மரபுக்குரிய எடின்பரோ மன்றம் 2016 வாக்கெடுப்பில் மறுத்து, 2017இல் இணங்கியது. மாறினார்கள், பாராட்டுகிறோம். வெளியிலிருந்து கேட்பவர் இருந்ததால்தான் மாறினார்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறோம்.

"மன்றம் தனியார் இடம், சந்தா கட்டியவர் சௌகரியம்தானே முக்கியம்" என்று வாதிப்பவர் உண்டு. சட்டையில் கழுத்துப்பட்டை உண்டா, காலில் எந்தச் சப்பாத்து என்றெல்லாம் உறுப்பினரைக் கட்டுப்படுத்த அதே தனியார் மன்றத்தால் முடிகிறது. அவர் வாயைக் கட்டுப்படுத்த மட்டும் முடியாதா? "இப்போது பேட்டரி வண்டி வந்துவிட்டது, கேடி எங்கே இருக்கிறான்" என்பவரும் உண்டு. வண்டி புல் வெட்டாது. விடியுமுன் திடலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன்மார் அன்று பட்டதை இன்று அவர்கள் படுகிறார்கள். அவர்களும் நம் தோழர்களே.

ஆகவே ஒவ்வொரு மன்றத்தின் நடத்தை விதியிலும் இந்த ஐந்தும் எழுத்தில் ஏறவேண்டும் என்கிறோம்.

முதலாவது, தொழிலாளியை ஏசினாலும் கைநீட்டினாலும், சக உறுப்பினருக்கு அதைச் செய்தால் என்ன தண்டனையோ அதே தண்டனை. அந்த விசாரணையில் தொழிலாளர் தரப்பில் ஒருவர் அமர வேண்டும். உறுப்பினருக்கு எதிராக உறுப்பினரே தீர்ப்புச் சொன்னால், தாயும் பிள்ளையுமாக இருந்தாலும் வாயும் வயிறும் வேறு என்ற கதைதான்.

இரண்டாவது, புல் வெட்டுகிறவர் பந்து எட்டும் தூரத்தில் நின்றால் அவர் விலகும்வரை அடிக்கக்கூடாது. அடித்துவிட்டுக் கத்துவது எச்சரிக்கையாகாது.

மூன்றாவது, இடி மின்னலுக்குச் சங்கு ஒலித்தால் ஆட்டத்தை உடனே நிறுத்தவேண்டும் என்பது விதி. அதே நொடியில் வேலையும் நிற்கவேண்டும். உறுப்பினர் ஒதுங்கும் கூரையின்கீழ் தொழிலாளியும் ஒதுங்க வேண்டும். பையை எடுத்துவா என்று ஒருவரையும் திருப்பி அனுப்பலாகாது.

நான்காவது, மருந்தடிப்பவருக்கு முகமூடி, கையுறை, காலணி, கழுவத் தண்ணீர். பாராகுவாட் என்ற நஞ்சை நம் பெண்கள் தோட்டங்களில் எத்தனை ஆண்டு முதுகில் சுமந்தார்கள்! இந்நாட்டில் அது 2020 ஜனவரி முதல் நாள்தான் தடை செய்யப்பட்டது. புல் பச்சையாக இருக்க ஒருவர் நுரையீரல் கருகக்கூடாது.

ஐந்தாவது, கேடிக்கு நியாயமான கூலி நிர்ணயம் வேண்டும். ஆடியவர் மனம் குளிர்ந்தால் கொடுப்பது இனாம். இனாம் கூலியாகாது. தோற்றவர் கோபம் ஒருவன் வீட்டு உலையை அணைக்கலாகாது.

இந்த மன்றங்களில் இன்று நம்மவர்களும் உறுப்பினர்கள். டாக்டர்கள், வழக்கறிஞர்கள், முதலாளிகள், ஏன், தொழிலாளர் பெயரைச் சொல்லி மேடை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். லயத்திலிருந்து படித்து மேலே போனவர்கள் அங்கே ஆடுவதில் நமக்குப் பொறாமை இல்லை, பெருமைதான். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து, இந்த ஐந்தையும் தீர்மானமாக முன்மொழியுங்கள். வழிமொழிய ஆள் இல்லையென்றால் அதையும் வந்து சொல்லுங்கள்; நாடறியச் செய்வோம்.

நம் கிளைக் கூட்டங்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் மூடியிருப்பதும், யாரும் பார்க்காத கணக்கையும் நேராக எழுதுவதும் துரைமார் தனிச்சொத்தல்ல. நாம் முதலில் அப்படி நடந்து காட்டினால், பிறரைக் கேட்கும்போது குரல் தடுமாறாது.

பெயர்ந்த புல்லைக் குனிந்து எடுத்து வைக்கிற கைக்கு, அந்தப் புல்லை வளர்த்தவனைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்வது பாரமில்லை. அதைக் கருணையாகக் கேட்கவில்லை, விதியாகக் கேட்கிறோம்.