பில் தொலைந்து விட்டதா? பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியும்!

பழுதான பாகத்தைக் கையில் வைத்துக் கொண்டு கம்ப்யூட்டர் கடையில் நின்றிருக்கிறீர்களா? அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "பில் இருக்கா?" என்பதுதான். இல்லை என்றால் அடுத்த பதிலும் தயாராக இருக்கும். "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது சார்."

நம்மில் பலர் இந்த ஒரு பதிலோடு வீடு திரும்பி விடுகிறோம். அப்படித் திரும்ப வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதே சமயம் பில் வாங்காமல் வருவது பெரிய தவறு என்பதும் என் கருத்து. இரண்டும் எப்படிச் சரியாகும்? சொல்கிறேன்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், பாலிடெக்னிக் கடைசி வருடம் படிக்கும் மகளுக்காக ஓர் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினார். கடையில் விலை சொன்ன விதமே ஒரு தூண்டில். "பில் வேணும்னா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும், 37,760 ரூபாய். வேண்டாம்னா 32,000 போதும்ணே." மிச்சம் 5,760 ரூபாய்! தையல் கூலியில் அது எத்தனை நாள் உழைப்பு! அண்ணன் தலையாட்டி விட்டார். முன்பணம் 10,000 ரூபாயை யூ.பி.ஐ. மூலம் கட்டினார். மீதி ரொக்கம். கையில் கிடைத்தது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு. அதுவும் இரண்டாம் நாளே காணாமல் போனது.

இருபத்து மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் ஆன் ஆனது, ஆனால் விண்டோஸ் வரவில்லை. பயாஸில் பார்த்தால் எஸ்.எஸ்.டி. இருப்பதாகவே காட்டவில்லை. பிராஜெக்ட் கொடுக்க எட்டு நாள்தான் பாக்கி. கடைக்குப் போனார். கவுண்ட்டரில் இருந்த பையன் கேட்டது மேலே சொன்ன அதே கேள்வி. திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது அவர் கடையைத் திட்டவில்லை. "நான்தானே தம்பி பில் வேண்டாம்னு சொன்னேன்" என்று தன்னைத்தான் திட்டிக் கொண்டார்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். கடைக்காரர் ஏன் பில் கேட்கிறார்? வேண்டும் என்றே நம்மை அலைக்கழிக்க மட்டும் அல்ல. வேறு கடையில் வாங்கிய பாகத்தைக் கொண்டு வந்து, "உங்களிடம்தான் வாங்கினேன்" என்று சொல்பவர்களும் உண்டு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால், அந்தப் பாகத்தை அவர் தன் டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுத்து மாற்றிக் கொள்ள வேண்டும். அதற்கு அது தான் விற்ற பொருள்தான் என்று அவருக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். ஆக, அவருக்குத் தேவை ஆதாரம். பில் என்பது அந்த ஆதாரங்களில் ஒன்று. மிகச் சிறந்த ஒன்று. ஆனால் அது மட்டுமே ஆதாரம் அல்ல.

எனவே அண்ணனிடம் நான் கேட்டது, "வேறு என்ன இருக்கிறது?" என்றுதான். தேடியதில் மூன்று விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, போனில் இருந்த யூ.பி.ஐ. பதிவு. அதில் தேதி, தொகை, கடையின் பெயர் மூன்றும் இருந்தன. இரண்டு, எஸ்.எஸ்.டி. மேல் ஒட்டியிருந்த கடையின் சிறிய ஸ்டிக்கர். அதில் மாதமும் வருடமும் குறித்திருந்தார்கள். மூன்று, எஸ்.எஸ்.டி. வந்த அட்டைப் பெட்டி. மதர்போர்டு பெட்டியை அண்ணன் நூல்கண்டு போட்டு வைக்க எடுத்துக் கொண்டிருந்தார். அதற்குள்ளேயே இந்தச் சின்னப் பெட்டியும் கிடந்தது. பெட்டியில் இருந்த சீரியல் நம்பரும் எஸ்.எஸ்.டி.யில் இருந்த சீரியல் நம்பரும் ஒன்றே.

மறுநாள் இருவரும் போனோம். பையனிடம் பேசாமல் உரிமையாளர் வரும் வரை காத்திருந்தோம். அவர் சீரியல் நம்பரைத் தன் கொள்முதல் பட்டியலில் தேடினார். இருந்தது! "நம்ம சரக்குதான்ணே" என்றார். நான்காம் நாள் புதிய எஸ்.எஸ்.டி. வந்தது. பாப்பா மீதி நான்கு நாளில் பிராஜெக்ட்டை மறுபடி டைப் செய்து முடித்தாள்.

உரிமையாளர் மறுத்திருந்தால்? அப்போதும் வழி இருந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பணம் கொடுத்துப் பொருளை வாங்கியவர் நுகர்வோர் என்கிறது அந்தச் சட்டம். பில் வைத்திருப்பவர்தான் நுகர்வோர் என்று சொல்லவில்லை. அதோடு, விற்ற பொருளுக்கு பில் கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக அது சேர்த்திருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. பில்லில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. பில்லே கொடுக்காத கடைக்காரர், "பில் இல்லையே" என்று கை விரிப்பதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

கடை மறுத்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 வருடங்களுக்குள் செல்ல வேண்டும். ஆனால் அங்கேயும் வாங்கியதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆகவே ஆதாரத்தைச் சேர்ப்பதுதான் முதல் வேலை.

வாங்கிய பில் தொலைந்து விட்டதா? உங்கள் நிலைமை இன்னும் எளிது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கடைக்காரர் தன் கணக்குகளைப் பல வருடங்கள் பாதுகாக்க வேண்டும். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள்! எனவே, "பில் தொலைந்து விட்டது, ஒரு நகல் போட்டுக் கொடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். வாங்கிய தேதியோ, அன்று கொடுத்த செல்போன் எண்ணோ சொன்னால் அவரது கம்ப்யூட்டரிலேயே தேடி எடுத்து விடலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் உங்கள் கணக்கில் பழைய ஆர்டர்களைத் திறந்து பாருங்கள். பில் அங்கேயே இருக்கும்.

கடையே மூடப்பட்டு விட்டாலும் கதை முடியவில்லை. ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்ற நிறுவனங்களின் இணையதளத்தில் சீரியல் நம்பரைக் கொடுத்தால் வாரண்டி மீதி உள்ளதா என்று காட்டும். லேப்டாப் நிறுவனங்கள் பலவும் இதே வசதியைத் தருகின்றன. அந்த நம்பர் லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. பத்திரமாக வைத்த பில்லை ஒரு வருடம் கழித்து எடுத்தால் வெறும் வெள்ளைத் தாளாக இருக்கும்! இப்போது பல கடைகளில் தருவது தெர்மல் தாள். அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெயில், வெப்பம், பிளாஸ்டிக் உறை எல்லாம் அதை மங்கச் செய்யும். லேமினேஷன் செய்தால் முழுத் தாளும் கறுத்துப் போகலாம். எனவே வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் இந்த நான்கை மட்டும் செய்தால் போதும்.

1. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் சீரியல் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். 'கம்ப்யூட்டர் 1 செட்' என்று மொத்தமாக எழுதிய பில்லால் அதிகப் பயன் இல்லை.

2. கேபினெட்டை மூடும் முன் பாகங்களின் ஸ்டிக்கர்களைப் படம் எடுங்கள். எந்த ஸ்டிக்கரையும் கிழிக்காதீர்கள்.

3. முழுத் தொகையையும் யூ.பி.ஐ. அல்லது கார்டு மூலம் கட்டுங்கள்.

4. பெட்டிகளை வாரண்டி முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள். பரணில் இடம் இல்லை என்றால், சீரியல் நம்பர் உள்ள பக்கத்தையாவது வெட்டி வைத்துக் கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. தையல்காரர் அண்ணனுக்கு எஸ்.எஸ்.டி. கிடைத்தது என்பதால், பில் இல்லாமல் வாங்குவது லாபம் என்று நினைத்து விடாதீர்கள். கொள்முதல் பட்டியலைப் பார்க்க மனம் வந்த உரிமையாளர் அவருக்கு அமைந்தார். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. கடைக்காரர் கட்ட வேண்டிய வரியைக் கட்டாமல் இருக்க, நம் வாரண்டியை நாமே விட்டுக் கொடுக்கிறோம். அந்த 5,760 ரூபாய் தள்ளுபடி அல்ல, நம் உரிமைக்கு நாமே போட்ட விலை.

பில் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். பத்து ரூபாய்க்கு வெண்டைக்காய் வாங்கினால்கூட ஒடித்துப் பார்த்து வாங்குகிறோம். முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஒரு தாள் கேட்பதில் வெட்கம் எதற்கு?