பள்ளத்தில் எங்களை வைத்தது யார்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் ஊர். மழை என்று பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். மாசி பிறந்தால் கண்மாய் வெடித்துக் கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில், குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கிராமசபையில் அந்தத் திட்டத்தை வாசித்தபோது முதலில் கை தட்டியவர்களில் நானும் ஒருவன். பிறகு வரைபடத்தை விரித்தார்கள். சுத்திகரிப்புத் தொட்டிகளுக்கான இடம், எங்கள் காலனியின் கடைசி வீட்டுக்குப் பக்கத்தில்.

ஏன் இங்கே என்று கேட்டேன். வந்திருந்த பொறியாளர் பொறுமையாகத்தான் சொன்னார்: "தம்பி, தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும். ஊர்லயே பள்ளம் இதுதான். இதுல சாதி எங்க வந்துச்சு?"

நானும் சிவில் படித்தவன். சரிவில் ஓடவிட்டால் மோட்டார் வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம். அவர் கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பள்ளத்தில் நாங்கள் எப்படி வந்தோம் என்பது அவர் கணக்கில் இல்லை. மேட்டை ஊர் எடுத்துக்கொண்டது. மறுகால் பாய்ந்தால் முதலில் மூழ்கும் நிலம் எங்களுக்கு மிஞ்சியது. நேற்றைய சாதி இன்று 'சரிவு' என்ற பெயரில் வரைபடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவுநீராகும் என்று வைத்தால், ஆயிரம் பேர் உள்ள ஊரில் தினமும் 44,000 லிட்டர். இதில் பெரும்பகுதி கழிப்பறைத் தண்ணீர் இல்லை. குளித்ததும் துவைத்ததும் கழுவியதும்தான். ஊர்த்தெரு வீடுகளுக்குப் பின்னால் கொல்லை இருக்கிறது, தென்னை இருக்கிறது. ஒரு உறிஞ்சுகுழி வெட்டினால் அந்தத் தண்ணீர் அங்கேயே முடிந்துவிடும். இரண்டு சென்ட் வீட்டில் அடுப்படிக்கும் கழிப்பறைக்கும் நடுவே சுவர் மட்டுமே உள்ள எங்களுக்குத்தான் பொதுத் தொட்டி தேவை. கொல்லை உள்ளவர் தன் தண்ணீரைத் தன் கொல்லையில் விட்டால், தொட்டி பாதியாகச் சுருங்கும். திட்டமோ அவர்கள் சாக்கடையையும் எங்கள் வாசலுக்குக் கொண்டுவருகிறது.

அடுத்தது வேலை. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியில் தேங்கும் கசடை அள்ளியாக வேண்டும். திட்டத்தில் 'உள்ளூர்ப் பணியாளர்' என்று ஒரே வார்த்தை. அந்தப் பணியாளர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. சாவுக்குத் தொகை குறித்துவிட்ட நாட்டில், கசடு உறிஞ்சும் லாரி வாடகைக்குத் திட்டத்தில் ஒரு வரி இல்லை.

கடைசியாக, சுத்தமான தண்ணீர் யாருக்கு? 'விவசாயத்துக்கு' என்கிறார்கள். நிலம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு என்று அர்த்தம். நாற்றம் எங்களுக்கு, ஈரம் அவர்களுக்கு.

"ரொம்பக் கேள்வி கேட்டா பணம் திரும்பிப் போயிரும்" என்றார் ஒருவர். போனால் நட்டம் எங்களுக்குத்தான். இப்போதும் சாக்கடை தேங்குவது எங்கள் தெருவில்தான், கொசு கடிப்பது எங்கள் பிள்ளைகளைத்தான். அதனால் திட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நான்கைத் தீர்மானத்தில் எழுதச் சொன்னோம். கொல்லை உள்ள வீடுகளுக்கு உறிஞ்சுகுழி கட்டாயம். மிச்சத்துக்கான தொட்டி, சின்ன மோட்டார் வைத்தாவது, குடியிருப்பை விட்டுத் தள்ளிப் புறம்போக்கில். கசடு அள்ள இயந்திரம், அதற்கான பணம் முதல் நாளே தனிக்கணக்கில். வெளிவரும் தண்ணீரில் காலனிப் பெண்கள் குழுவுக்குத் தீவனப்புல் வளர்க்கப் பொது நிலம்.

முதலாவதை எழுதும்போதே கூச்சல் கிளம்பியது. "எங்க கொல்லையில எதுக்குச் சாக்கடை?" என்றார்கள். அவர்கள் வீட்டுத் தண்ணீர்தான் அது. எங்கள் வாசலுக்கு வரும்வரை அதற்குச் சாக்கடை என்று பெயர் இல்லை.

குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வேங்கைவயலை 2022-இல் பார்த்தோம். நல்ல தண்ணீரில் சாதி பார்க்கும் சமூகம் கழிவுநீரில் பார்க்காது என்று நம்ப முடியுமா? பொறியியல் படிக்கும் தோழர்களே, மட்டம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு போகும் ஊரில் இதையும் கேளுங்கள்: இந்தப் பள்ளத்தில் இவர்களை வைத்தது யார்?