எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது ராசா!

மேசையைச் சுத்தம் பண்ணுடா என்று சொன்னால் நம்ம பசங்க எல்லாரிடமும் ஒரே பதில்தான். "மச்சி, பாக்கத்தான் குப்பை. எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்." மூன்று வருடம் நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். பொய். சுத்தப் பொய். சொல்கிற ஆளுக்கே அது பொய் என்று தெரியும். (புத்தகம் வைக்கிற மேசையைச் சொல்லவில்லை. சால்டரிங் அயர்னும் ரெசிஸ்டரும் பாதி முடிந்த போர்டுகளுமாகக் கிடக்கிற பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸ் மேசை. அது எப்படியோ போகட்டும் என்று விட முடியாது.)

கதை கேளுங்கள். போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட், ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. 12 வோல்ட் அடாப்டர், அதை 5 வோல்ட் ஆக்க ஒரு 7805, அப்புறம் மைக்ரோகண்ட்ரோலர். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? ஆனால் போர்டில் உயிரே இல்லை. மீட்டரை வைத்தால் முதல் காலில் 12 வோல்ட் இருக்கிறது, வெளியே 5 வரவில்லை. ரெகுலேட்டர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அதைக் கழற்றிவிட்டு டப்பாவிலிருந்து இன்னொன்றைப் போட்டேன். அதே கதை. மூன்றாவது. அதே கதை. அப்புறம் சர்க்யூட் மேல் சந்தேகம், டிராக் மேல் சந்தேகம், கடைசியில் என் மேலேயே சந்தேகம். கழற்றிக் கழற்றி மாட்டியதில் காப்பர் பேட் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. விடிந்ததும் காட்ட ஒன்றுமில்லை.

நான் மாட்டிய மூன்றுமே 7905.

பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே கறுப்பு உடம்பு, அதே உலோக முதுகு, அதே மூன்று கால், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்து. ஒன்று ப்ளஸ் 5, மற்றது மைனஸ் 5. எழுத்து நம்மைப் பார்க்கும்படி வைத்து இடமிருந்து எண்ணினால் 7805-க்கு இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7905-க்கு கிரவுண்ட், இன்புட், அவுட்புட். எப்போதோ ஒரு ஆப்-ஆம்ப் சர்க்யூட்டுக்காக ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டையும் வாங்கி வந்து, கவரைக் கிழித்து ஒரே டப்பாவில் கொட்டிய புண்ணியவான் நான்தான். எனக்குத்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியுமே!

மார்க் எனக்கு மட்டும் போயிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். டீமில் இன்னொருத்தன் இருந்தான். ரிப்போர்ட் முழுவதையும் உட்கார்ந்து எழுதியவன் அவன். எனக்குக் குறைந்த அளவு அவனுக்கும் குறைந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஐன்ஸ்டீனைக் கூட்டிவருவார்கள். அவர் இறந்த 1955 ஏப்ரல் 18 அன்று லைஃப் பத்திரிகைக்காரர் ரால்ஃப் மோர்ஸ் பிரின்ஸ்டனில் எடுத்த மேசைப் படம் ஊருக்கே தெரியும். சாமி, அந்த மேசையில் இருந்தது காகிதம். ஒரு தாளை மாற்றி எடுத்தால் படித்த உடனே தெரிந்துவிடும். அதற்குப் பக்கத்தில் 300 டிகிரிக்கு மேல் கொதிக்கிற அயர்னும் இல்லை.

கொஞ்சம் விவரமானவர்கள் ஜிம் வில்லியம்ஸைச் சொல்வார்கள். இது நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். லீனியர் டெக்னாலஜியில் இருந்தவர், அனலாக் டிசைனில் பெரிய தலை. 2011 ஜூனில் இறந்தார். அதே வருடம் கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் அவருடைய மேசையைக் குப்பையோடு அப்படியே காட்சிக்கு வைத்தார்கள். சரி. ஆனால் அவருக்கு அது பல வருட சகவாசம், நமக்கு நாலு செமஸ்டர். அதோடு, குப்பை மேசையில் சொதப்பின ஆயிரம் பேரின் மேசையை எந்த மியூசியமும் கேட்டு வாங்காது. ஜெயித்தவர் மேசை மட்டும் கண்ணில் பட்டால் குப்பைதான் ஜெயித்தது மாதிரி தெரியும்.

இன்னொன்று. நம்ம குப்பையில் கரண்ட் பாயும். வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் கால், சிதறின சால்டர் உருண்டை, ஒயர் நறுக்கு... இதன் மேல் போர்டை வைத்து சப்ளை கொடுத்தால் அடியில் ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்? மேசையிலேயே மிக்சர் கொறிக்கிற மகான்களுக்கு ஒரு தகவல்: 60/40 சால்டரில் 40 பங்கு காரீயம். கையைக் கழுவிவிட்டு வேறு இடத்தில் போய்த் தின்னுங்கள்.

எதிர்க் கோஷ்டியையும் எனக்குப் பிடிக்காது. முதலில் அறுபது டிராயர் பெட்டி, சுவரில் ஓட்டைப் பலகை, கலர் கலராக லேபிள். எல்லாம் ஆனதும் ஒரு போட்டோ. அந்த அயர்னில் ஒரு சொட்டு ஈயம் பட்டிருக்காது. மேசை யாருக்காக ஒழுங்காக இருக்க வேண்டும்? போட்டோவுக்காக இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டுகிற அந்த அரைவேக்காட்டுக்காக. அவனை நம்பவே கூடாது. அவன் கைக்குத் தப்பான ஐ.சி. சிக்காமல் இருந்தால் போதும்.

அதற்குக் காசும் அதிகம் வேண்டாம். கடைக்காரர் கொடுத்த கவரைக் கிழிக்காமல் அதன் மேலேயே மார்க்கரால் நம்பரை எழுதினால் பாதி வேலை முடிந்தது. அயர்ன் ஸ்டாண்டு ஒரே இடத்தில், வலது கைப்பக்கம், நகராமல். ரெசிஸ்டருக்கு அறுபது டிராயர் எல்லாம் வேண்டாம், ஐந்து கவர் போதும். நாலு பட்டை ரெசிஸ்டரில் மூன்றாவது பட்டையை மட்டும் பாருங்கள். கறுப்பு என்றால் 10 முதல் 82 ஓம். பழுப்பு நூறுகள், சிவப்பு 1கே முதல் 8.2கே, ஆரஞ்சு பத்து கே-க்கள், மஞ்சள் நூறு கே-க்கள். கவருக்கு ஒரு நிறம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்று போலத் தெரிந்துதான் 1கே இடத்தில் 10கே போய் உட்காருகிறது. எல்லாமே சிவப்பாக இருக்கிற கவரில் ஒரு ஆரஞ்சு கலந்தால் தனியாக முழிக்கும். (ஐந்து பட்டை நீல ரெசிஸ்டருக்கு இந்த வித்தை பலிக்காது. அதற்கு மீட்டர்தான்.) 7805 ஒரு கவர், 7905 ஒரு கவர். இரண்டும் வேறு வேறு டப்பாவில். இது மட்டும் எனக்கு மதக் கட்டளை மாதிரி :)

போன வாரம் ராத்திரி ஒரு மணிக்கு அதே டீம்மேட் கதவைத் தட்டினான். "மச்சி, நாலு புள்ளி ஏழு கே இருக்கா?" கண்ணைத் திறக்காமலே "சிவப்பு" என்றேன். எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூடவே என் கட்டரையும் கொண்டுபோயிருக்கிறான் படுபாவி, இன்னும் வரவில்லை.