நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே

பங்குனியில் நிச்சயதார்த்தம், ஆவணியில் கல்யாணம். நடுவே கிடக்கிற ஐந்து மாதத்தை என்ன செய்வது? சொல்லுங்கள், சகோதரிகளே!

எங்கள் சித்தி வீட்டில் போன வருஷம் இந்தச் சங்கடம் வந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்குச் சென்னையில் மண்டபம் கிடைக்கவில்லை. ஆனியில் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குத் தோதுப்படவில்லை. ஆடியில் யார் கல்யாணம் செய்வார்கள்? ஆகவே ஆவணி என்று முடிவாயிற்று. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் உள்ளூர சந்தோஷந்தான். வெளியில் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

பெண் எனக்குத் தங்கை முறை. பாங்கில் உத்தியோகம். பிள்ளையும் சென்னையில்தான் வேலை பார்க்கிறார். அவர் பெற்றோர் திருச்சியில். பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த விசேஷத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் பெரியம்மா தன் புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே கல்யாணமான மூன்றாம் நாள்தானாம். இப்போது அப்படியா? காலையில் கண் விழித்ததும் கைபேசியில் "காப்பி ஆச்சா?" என்று ஆரம்பித்து, ராத்திரி பன்னிரண்டு மணி வரை பேச்சு ஓய்வதில்லை. ஆனாலும் இருவர் மட்டுமாக வெளியே போவதென்றால் சித்தி இன்னும் யோசிக்கத்தான் செய்தாள். சித்தப்பா காலமாகிப் பத்து வருஷமாகிறது. தையல் மிஷினை வைத்துக்கொண்டு இரண்டு குழந்தைகளை ஆளாக்கியவள். நாலு பேர் வாய்க்குப் பயப்படுகிறாள். ஆகவே எங்கே போனாலும் கூட்டமாகத்தான் போக வேண்டும், நான் துணைக்குப் போக வேண்டும் என்று தீர்மானமாயிற்று. பத்திரிகைக்காரிக்கு எந்நேரமும் ஓய்வுதான் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை.

முதல் தடவை பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஒன்பது பேர் போனோம். கல்யாண ஜோடி நாலு வார்த்தை பேசிக்கொண்டது மிளகாய் பஜ்ஜிக் கடையில் காத்து நின்ற பத்து நிமிஷந்தான். அதைப் பற்றி வேறு சொல்வதற்கில்லை.

மதுரைப் பிரயாணந்தான் விசேஷம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எங்களையும் அழைத்தார்கள். கல்யாணம் நிச்சயமான பெண் அந்தக் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்பது சம்பந்தியம்மாளின் ஆசை. நியாயமான ஆசை. அந்தக் கல்யாணத்தில் என்னதான் இல்லை! திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வருகிறார்கள். பெருமாள்தான் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். தாமதமாக வந்து கோபித்துக்கொண்டு திரும்பும் அண்ணன் அழகர் என்று ஜனங்கள் சொல்லும் கதை வேறு. அவர் வைகையில் இறங்குவது சித்திரா பௌர்ணமியன்றுதான். விருந்து உண்டு. அம்மனுக்கு மொய் எழுதுகிறவர்கள் கூட உண்டு. மதுரைக்காரர்கள் அதில் குறை வைப்பதில்லை.

மாங்கல்யதாரணம் ஆனதும் அங்கே கூடியிருக்கிற சுமங்கலிகள் எல்லாரும் தங்கள் தாலிச் சரட்டை மாற்றிக்கொள்வார்கள். கோயிலில், வீதியில், நின்ற இடத்தில் நின்றபடியே மஞ்சள் கயிறு கைக்குக் கை மாறும். ஒருத்திக்கு ஒருத்தி குங்குமம் வைத்துவிடுவாள். பார்க்கக் கண் கொள்ளாத காட்சி. அந்த வேளையில் சித்தியைத் தேடினேன். யாரும் சொல்லாமலே பத்தடி பின்னால் நகர்ந்து, ஒரு கடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இப்படி நகர்ந்து நிற்பது அவளுக்குப் பழகிப்போன காரியம். சம்பந்தியம்மாளும் மற்றப் பெண்களும் சரடு மாற்றுகிற மும்முரத்தில் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மாப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு டம்ளர் நீர்மோர் வாங்கிக்கொண்டு வந்தார். "அத்தை, வெயில் ஜாஸ்தியா இருக்கு, குடிங்க" என்று சித்தியிடம் கொடுத்துவிட்டு, கூட்டம் கலைகிற வரை அவள் பக்கத்திலேயே நின்றார். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. பெண் இதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

இதனால்தான் வெயிலிலும் கூட்டத்திலும் சேர்ந்து போக வேண்டும் என்கிறேன். குளுகுளு ஹோட்டலில், மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடும்போது எல்லாப் பிள்ளைகளும் உத்தமர்கள்தாம்! வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கவிட்டுப் பாருங்கள்.

கத்திரி தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் சம்பந்திகளுக்கு மாம்பழ விருந்து. சேலத்திலிருந்து ஒரு கூடை மல்கோவா வந்திருந்தது. சாப்பாடு ஆகி, நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சம்பந்தியம்மாள் சிரித்த முகமாக ஒரு வார்த்தை சொன்னார்: "ஆவணியிலேர்ந்து கவலையில்லை. பையன் தாம்பரத்துப் பக்கம் வாங்கின ஃபிளாட்டுக்கு மாசம் முப்பத்தெட்டாயிரம் கட்டறான். இனிமே மருமக சம்பளமும் சேர்ந்துடும்."

கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல. ஆனால் பெண் கையில் இருந்த நுங்கு அப்படியே நின்றுவிட்டது. சம்பளத்தில் மாதம் பன்னிரண்டாயிரத்தை அவள் அம்மாவிடம் கொடுத்து வருகிறாள். தம்பிக்குக் கல்லூரிப் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. பெண் பார்க்க வந்தபோது நட்சத்திரம் கேட்டார்கள், சமையல் கேட்டார்கள், பாட்டுத் தெரியுமா என்று கூடக் கேட்டார்கள். இதை அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பீர்களா?

அன்று ராத்திரி சித்தி, "எனக்கு எதுவும் வேண்டாம். மிஷின் இருக்கு, நான் பார்த்துக்கறேன்" என்றாள். சித்திகள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தகப்பனார் ஒருவர் டாக்டராக இருந்த தம் மகள் மீது தொடுத்த வழக்கில், மணமான மகளுக்கும் பெற்றோரைக் காப்பாற்றும் கடமை உண்டு என்று 1987-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2007-ல் வந்த மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள் என்று பேதம் பார்க்கவில்லை. சட்டம் இருக்கட்டும், சம்பந்தியம்மாளிடம் யார் வாயைத் திறப்பது?

மே மாதக் கடைசியில் ஊட்டிப் பயணம். அக்கா, தம்பி, நண்பர்கள் என்று பெரிய பட்டாளம். மலை ரயிலில் நாலு டிக்கெட்டுத்தான் கிடைத்தது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஏற்பட்டிருக்கிறதல்லவா? மற்றவர்கள் அதை எடுத்துக்கொண்டு வேனில் போனார்கள். ரயிலில் ஜோடி இரண்டு பேர், துணைக்கு நான், அப்புறம் மாப்பிள்ளையின் அப்பாயி. எண்பது வயசு. "சாகறதுக்குள்ள அந்தப் பல்லு ரயில்ல ஒரு தரம் போகணும்" என்று பிடிவாதம் பிடித்து ஏறிக்கொண்டார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். அதற்குக் காலை ஏழு மணிக்கு மேல் புறப்பட்டு மத்தியானந்தான் போய்ச் சேருகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த தண்டவாளம் ஒன்று வருகிறது. எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை. பின்னால் இருந்து தள்ளுகிறது. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் போட்ட பாதை. வழியில் 16 குகைகள். குகைக்குள் நுழைந்தால் இருட்டு. பெட்டியிலுள்ள வாலிபர்கள் எல்லாரும் 'ஓ'வென்று கூச்சல் போடுவது சம்பிரதாயம். அப்பாயி மூன்றாவது குகையிலேயே கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

தங்கை ஆரம்பித்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் சம்பளத்துல பன்னிரண்டாயிரம் மாசாமாசம் அம்மாவுக்குக் குடுக்கறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் குடுக்கணும்."

அவர் பதில் சொல்வதற்குள் குகை வந்துவிட்டது. கூச்சல், இருட்டு, புகை. வெளிச்சம் வந்ததும், "எத்தனை நாளைக்கு?" என்றார்.

தங்கையின் முகம் வாடிவிட்டது. "தம்பி படிப்பு முடிய ரெண்டு வருஷம். அம்மாவுக்கு... அவங்க இருக்கற வரைக்கும்."

மறுபடியும் ஒரு குகை. எனக்கு எழுந்து வேறெங்காவது போய்விடலாம் என்றிருந்தது. அந்தப் பெட்டியில் எங்கே போவது?

"கணக்குக்காகத்தான் கேட்டேன்" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். காகிதம் இல்லை. நான் வாசிக்கக் கொண்டுபோயிருந்த நம் பத்திரிகையை வாங்கி, தொடர்கதையின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். தன் சம்பளம் 62,000; அவள் சம்பளம் 48,000; ஆக 1,10,000. வீட்டுக் கடனுக்கு 38,000. குடித்தனத்துக்கு 30,000. அப்பா அம்மாவுக்கு 10,000. அதோடு பேனா நின்றது. தான் எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா அம்மாவுக்குப் பத்தாயிரம் அனுப்பறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் அனுப்புவியான்னு என்னை யாரும் கேட்டதே இல்லை" என்றார். அடுத்த வரியில் 'அத்தைக்கு 12,000' என்று எழுதினார். மீதி 20,000 வந்தது. "போதுமே!"

ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடித்தது. நாங்கள் டீ குடித்தோம். "அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா வேற மாதிரி ஆயிடும்" என்றார் மாப்பிள்ளை. "எப்போ?" என்றாள் தங்கை. "சொல்றேன், கல்யாணத்துக்கு முன்னாடி."

மூடின கண் மூடினபடியே அப்பாயியின் குரல் வந்தது: "எந்தத் தேதின்னு கேளு தாயீ. இவன் தாத்தாவும் இப்படித்தான், 'அப்புறம் சொல்றேன்' 'அப்புறம் சொல்றேன்'னே காலத்தை ஓட்டினாரு."

ஊட்டியில் பூக்களைப் பார்த்தோம், படகில் போனோம், வர்க்கி வாங்கினோம். அதெல்லாம் எல்லாரும் செய்கிறதுதான்.

தேதி சொன்னாரா மாப்பிள்ளை? இல்லை! ஆனி போயிற்று. பாங்கு சிநேகிதிகள் ஜோடிக்கு மாமல்லபுரத்தில் விருந்து வைத்தார்கள். போட்டோவில் தங்கை சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் திரும்பி வருகிற வழியில் என்னிடம் சொன்னாள்: "அக்கா, இதைப் பேசாம நான் மணையில உட்கார மாட்டேன்." பத்திரிகை அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது.

ஆடிப் பதினெட்டுக்குத் திருச்சிக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் அன்று கால் வைக்க இடமிராது. காவிரிக்கு மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி, பழம் எல்லாம் வைத்துப் படைத்து, மஞ்சள் நூல் கட்டிக்கொள்வார்கள். பூஜை முடிந்து புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று சம்பந்தியம்மாள் தூக்குகளைத் திறந்தார். மாப்பிள்ளை இலையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

சம்பந்தியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "நிச்சயத்தன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். நியாயந்தான், எங்களுக்குப் பதில் இல்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலை" என்றபோது அவர் குரல் கம்மியது.

அப்பாயி தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "ஏன்டி, என் மாத்திரைக்கு மாசாமாசம் கோயமுத்தூர்லேர்ந்து உன் மக பணம் அனுப்புறாளே. அவ மாமியாரைக் கேட்டா அனுப்புறா? நாம வேண்டாம்னா சொன்னோம்?"

யாரும் பேசவில்லை. புளியோதரை நன்றாக இருந்ததாக ஞாபகம். நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நாங்கள் சென்னைக்குத் திரும்பி மூன்று நாள் வரை திருச்சியிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. சித்தி தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவேயில்லை. நாலாம் நாள் சம்பந்தியம்மாளே கூப்பிட்டார். கூறைப் புடவைக்கு ரவிக்கை அளவு கேட்டார், பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்டார். வைக்கப் போகும்போது சொன்னாராம்: "பையன் சொன்னதை யோசிச்சேன். உங்க பொண்ணு சம்பாதிக்கிறா, உங்களுக்குக் குடுக்கறா. எனக்கு ஆட்சேபணை இல்லை. எதுவானாலும் எங்கிட்ட மறைக்க வேண்டாம், அவ்வளவுதான்." சித்தி, "சரிங்க சம்பந்தி, சரிங்க சம்பந்தி" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டாள். பந்திக் கணக்கை நான்தான் சொல்லி முடித்தேன்.

ஆவணியில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அதற்கு முந்தின வாரம் தங்கையும் மாப்பிள்ளையும் பெசன்ட் நகருக்கு இன்னொரு முறை போனார்கள். துணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. கணக்கு எழுதிய அந்தப் பத்திரிகையையும் தங்கை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டுவிட்டாள். தொடர்கதையில் அந்த அத்தியாயத்தை நான் இன்னும் படித்தபாடில்லை.