நீதிமொழியும் நடையும்

இக்கால இளைஞரிடம் பணிவும் மரியாதையும் குன்றின என்று முதியோர் வருந்துவதும், அதற்கு மருந்தாகப் பழைய நீதிநூல்களை மிகுதியாகப் புகட்டவேண்டும் என்பதும் நாம் அடிக்கடி கேட்பனவே. அந்நூல்களைக் கற்பித்தல் நன்றே. ஆயினும் அவை யாருக்கு உரியவை என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஔவையின் ஆத்திசூடியை ஓதினான். அகரத்தோடு அறத்தை விரும்புதலும், ஆகாரத்தோடு சினத்தைத் தணித்தலும் அவன் நெஞ்சிற் புகுந்தன. எழுத்தும் ஒழுக்கமும் ஒருங்கே வளர்தற்கு ஏற்ற முறை அது. அங்கே பிரம்பும் இருந்தது. அதனை யாம் மீண்டும் வேண்டேம். இன்றோ அம்மொழிகள் இரண்டு மதிப்பெண் வினாக்களாய்ச் சுருங்கித் தேர்வோடு மறைகின்றன.

இதன் விளைவைச் சத்திரம் பேருந்து நிலையத்திற் காணலாம். திருவரங்கம் செல்லும் வண்டியில் இடம்பிடிக்க முதியோரை இடித்து முந்துகின்றவருள், மூத்தோரைப் போற்றுதல் பற்றி அழகுற எழுதித் தேறியவரும் இருப்பர். ஆற்றைக் கடந்து அம்மா மண்டபப் படித்துறைக்குச் சென்றாலோ, காவிரியைக் கும்பிட்ட கையே அதனுள் குப்பையை எறிகின்றது. அவ்வாறு எறிவோர் இளைஞர் மட்டுமல்லர். பிள்ளையைக் கைப்பிடித்து வந்த பெற்றோரும் அவருள் உளர். அப்பிள்ளை கற்கும் பாடம் ஏட்டில் உள்ளதன்று.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் பிள்ளை, இந்நகர் நீதிமன்றத்தில் பணியாற்றிப் பின் முன்சீபாக விளங்கியவர். 1859-இல் வெளிவந்த அவருடைய நீதிநூல் இளையோர்க்கு மட்டும் அறிவுரை கூறி அமையவில்லை. அரசர் கடமையையும் கைக்கூலியின் இழிவையும் எடுத்துரைக்கின்றது. நீதி வலியார்க்கும் உரியது என்பதை நீதிமன்றத்தில் இருந்தவர் அறிவார் அன்றோ?

பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் அஞ்சாமையை முதலில் வைத்தார். ஆதலின் பணிவு ஒன்றே ஒழுக்கமன்று. பெரியோர் பிழைபடுமிடத்து இன்சொல்லால் வினவுதலும் ஒழுக்கமே.

யாம் வேண்டுவது பெரிதன்று. வாரத்திற்கு ஒரு மொழியை வகுப்பு தேர்ந்துகொள்க. வார இறுதியில், அதனைக் காத்தல் தமக்கு எங்கே அரிதாயிற்று என்பதை ஆசிரியரே முதலில் உரைப்பாராக. மாணவர் பின்னர் உரைப்பர். கற்பிப்போரையும் கட்டுப்படுத்தும் நீதியையே இளைஞர் நீதியென ஏற்பர்.